பங்கு வாங்குமுன் கடை பார்க்கப் போன பயணம்

என் சீதனக் காணியில் ஒரு துண்டை விற்ற பணம், ஐந்நூற்றெழுபது ரூபாய், வைகாசியிலிருந்து பெட்டிக்குள் கிடந்தது. மகளுக்கு எட்டு மாதம். அவள் வளர்ந்து கல்லூரி விடுதியில் படிப்பதற்கென்று ஒதுக்கிய பணம் அது. மலாயாவில் வேலையாயிருக்கும் அவளுடைய தகப்பன் "உன் யோசனைப்படி செய்" என்று எழுதிவிட்டார். அந்த நேரம் பார்த்து, குடாநாட்டில் நாலு பலசரக்குக் கடை நடத்தும் ஒரு கம்பனி புதிதாகப் பங்கு விற்றது. முகப்பெறுமதி பத்து ரூபாய், கேட்ட விலை பத்தொன்பது. என் பணத்துக்குச் சரியாக முப்பது பங்கு வரும். கடைசி நாள் ஆனி மாதத்து ஒரு வெள்ளிக்கிழமை, பிற்பகல் நாலு மணி. பயத்தில் தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு அன்று காலைதான் புறப்பட்டேன்.

புதிய கம்பனியின் ஆண்டறிக்கையின்படி பங்கொன்றுக்கு லாபம் ஒரு ரூபாய் தொண்ணூறு சதம். விலை அதன் பத்து மடங்கு. அதே தொழில் செய்யும் பழைய கம்பனி ஒன்றின் பங்கு பதினைந்து ரூபாய்க்குக் கிடைத்தது. அதன் லாபம் ஒன்றரை ரூபாய். அதுவும் பத்து மடங்குதான். கணக்கு இரண்டையும் சமமாகக் காட்டும்போது, கடைகளையாவது கண்ணால் பார்த்துவிடலாம் என்று நினைத்தேன்.

கொடிகாமத்தில் காலை 6.40 ரயில். காங்கேசன்துறைவரை ஏறக்குறைய இருபத்தைந்து மைல். துணைக்கு வந்த அண்ணை ஏறியதிலிருந்தே பகிடி.

"பல்லைப் பிடிச்சுப் பாத்து மாடு வாங்கிற மாதிரியெல்லோ வெளிக்கிட்டிருக்கிறாய்!"

"மாட்டுக்கே பாக்கினம். இது என்ரை பிள்ளையின்ரை காசு."

சுன்னாகத்தில் 8.05க்கு இறங்கினோம். இரண்டு கம்பனிகளுக்கும் சந்தைப் பக்கம் கடை உண்டு, எதிரெதிராகவே. பிள்ளையை மடியில் வைத்து, நிழலிலிருந்து முக்கால் மணி நேரம் ஆட்களை எண்ணினேன். பழைய கடைக்கு முப்பத்தொரு பேர், புதியதற்கு இருபத்திரண்டு. ஆனால் கண்ணாடி அலுமாரி வைத்த புதிய கடையிலிருந்து வந்தவர்களின் பைதான் பாரமாயிருந்தது. சீனி, பருப்பு விலையில் ஒரு சத வித்தியாசமும் இல்லை. எண்ணி முடித்தபோது குழப்பம்தான் கூடியிருந்தது.

10.20 ரயிலில் காங்கேசன்துறை. அங்குள்ள புதிய கம்பனிக் கடை மனேச்சர் நெற்றி நிறையத் திருநீறு பூசிய, மனம் திறந்து கதைக்கிற மனிதர். பிள்ளைக்கு ஒரு பிஸ்கற்றும் கொடுத்தார்.

"போன முறையைவிட லாபம் நல்லாக் கூடியிருக்குப்போலை?" என்றேன்.

"கூடாமல், தங்கச்சி? இந்தக் கணக்குக்குள்ளை ரெண்டு வருசப்பிறப்பெல்லோ வந்தது!"

"ஒரு வருசத்துக்கை எப்பிடி ரெண்டு வரும்?"

"முந்தி மார்ச்சோடை கணக்கு முடிப்பம். வருசப்பிறப்புச் சாமான் வித்த பிறகெண்டால் இருப்பெடுக்கச் சுகமெண்டு, இந்தமுறை ஏப்ரல் கடைசிக்கு மாத்தினவை. ஏப்ரல் லாபம் மட்டும் மற்ற நாலு மாச லாபத்துக்குச் சமன், பாருங்கோ."

ஸ்டேஷன் வாங்குப் பலகையில் உட்கார்ந்து, கையோடு கொண்டுவந்த அறிக்கையை விரித்தேன். முதல் ஏப்ரல் ஒன்றிலிருந்து மறு ஏப்ரல் முப்பதுவரை, பதின்மூன்று மாதம் என்று தலைப்பிலேயே தெளிவாக இருந்தது. மூன்று முறை படித்தவள் நான். 'ஆண்டறிக்கை' என்ற சொல்லோடு கண் நின்றுவிட்டது. மனேச்சர் சொன்னபடி பிரித்தால், பங்குக்கு மற்றப் பதினொரு மாதமும் மாதத்துக்குப் பத்துச் சதம், இரண்டு ஏப்ரலுக்கும் நாற்பது நாற்பது. ஒரு ஏப்ரலைக் கழித்தால் ஒரு வருசத்து லாபம் ஒன்றரை ரூபாய். பழைய கம்பனியின் அதே லாபம், பங்குக்கு நாலு ரூபாய் கூடுதல் விலையில். முப்பது பங்குக்கு நூற்றிருபது ரூபாய்! "பதினைஞ்செண்டால் வாங்கலாம், பத்தொன்பதுக்கு வேண்டாம்," என்றேன்.

"பதினைஞ்சுக்கு இதை உனக்கு ஆர் தருவான்?" என்று அண்ணை சினந்தார்.

"தராட்டில் விடட்டும், அண்ணை."

திரும்பும் வழியில் அவர் யாழ்ப்பாணத்தில் இறங்கி, புதிய கம்பனியின் பங்குக்குத் தன் பெயரில் விண்ணப்பம் கொடுத்தார். நானும் பிள்ளையும் இறங்கவில்லை. மறுவாரம் பழைய கம்பனியில் இருபது பங்கு வாங்கி, மிகுதியைத் தபாற்கந்தோர்ச் சேமிப்பில் போட்டேன்.

இப்படிப் போக நினைக்கும் சகோதரிகள் கைக்குழந்தைக்குக் கொதித்தாறிய தண்ணீர் கொண்டு போங்கள். காங்கேசன்துறையில் வெயிலும் உப்புக்காற்றும் கடுமை. அறிக்கையின் மாதங்களை வீட்டிலேயே விரல்விட்டு எண்ணுங்கள். ஆட்களை எண்ணுவதைவிடக் கடைக்காரரோடு கதைப்பது மேல்.

நேற்று அண்ணை வந்தார். "அந்தப் புதுக் கம்பனிப் பங்கு இப்ப இருபத்தொண்டாம்! நீ ஏமாந்துபோனாய்."

முப்பது பங்குக்கு அறுபது ரூபாய் கைவிட்டுப் போயிற்று என்று மனம் கணக்குப் போட்டது. "அடுத்த அறிக்கைக்குள்ளை ஒரு வருசப்பிறப்புத்தானே வரும், அண்ணை?" என்றேன்.

எத்தனை வாங்கினார் என்று அதுவரை நான் கேட்டதில்லை. கேட்டேன்.

"ஐம்பது," என்றார்.