நாலாவது ஆள்

பேய், பிசாசு, சகுனம் எதையும் நான் நம்பினவன் இல்லை. ஒஸ்லோவில் பஸ் ஓட்டுகிறேன், கண்ணாடியில் தெரிவதைத்தான் நம்புவேன். இதைக் கேட்டு நீங்கள் சிரிக்கலாம், நானும் முன்பு சிரித்தவன்தான்.

போன இலையுதிர்கால விடுமுறையில் நானும் மனைவி சுகந்தியும் ஆறு வயது மகள் ஆரணியும் இங்கிலாந்துக்குப் புறப்பட்டோம். ஒஸ்லோவில், ஹொல்ம்லியாப் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டு வாசலிலேயே சுகந்தி குனிந்து ஒரு கூழாங்கல்லை எடுத்து என் ஜாக்கெட் பையில் போட்டாள்.

“மூண்டு பேராப் போகக்கூடாது. இது நாலாவது ஆள்.”

“அப்ப இவருக்கும் டிக்கெட் எடுக்கவோ?” என்றேன். அவள் முறைத்தாள்.

அங்கே ஒரு பழைய கோட்டையைப் பார்க்கப் போனோம். சுற்றிவர அகழி, நிறையத் தண்ணீர், கரையெல்லாம் மழையில் நனைந்த புல். நான் பாலத்தில் சுகந்தியைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான், திரும்பிப் பார்த்தால் ஆரணி வாத்துகளைத் துரத்திக்கொண்டு கரைச் சரிவில் ஓடுகிறாள். கத்தினேன். அவள் கால் வழுக்கி நேரே தண்ணீரை நோக்கிச் சறுக்கினாள். ஓடினேன், ஆனால் எட்டிப் பிடிக்கிற தூரம் இல்லை என்று ஓடும்போதே தெரிந்தது. பிள்ளையை இழந்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

நம்பினால் நம்புங்கள், அவளுடைய இடது கை சட்டென்று மேலே போனது. வீதியைக் கடக்கும்போது பெரியவர்கள் பிள்ளையின் கையைப் பிடிப்பார்களே, அப்படி. தண்ணீர் விளிம்பில் நின்றாள். பிறகு உயர்த்திய கையோடு சரிவில் மெதுவாக ஏறி வந்தாள். பக்கத்தில் ஒருவரும் இல்லை, சுகந்தியும் பார்த்தாள்.

அள்ளித் தூக்கிக்கொண்டு கேட்டேன். “பிள்ளை, ஆர் உங்கடை கையைப் பிடிச்சது?”

“தெரியேல்லை அப்பா. அந்தக் கை சரியான குளிர்.”

அவள் முகத்தைத் துடைக்கக் கைக்குட்டை எடுப்போம் என்று பைக்குள் கை விட்டேன். பை காய்ந்திருந்தது, கைக்குட்டையும் காய்ந்திருந்தது. கல் மட்டும் தெப்பமாக நனைந்திருந்தது, பச்சைப் பாசியும் ஒட்டியிருந்தது.

கல் இப்போது எங்கள் வீட்டுச் சப்பாத்துத் தட்டில் இருக்கிறது. எறிய எனக்குத் துணிவில்லை. ஸ்டேஷனுக்குப் போகும் வீதியைக் கடக்கும்போது ஆரணி வலது கையை எனக்குத் தருவாள். இடது கையையும் உயர்த்திக்கொள்வாள், விரல்களை மடக்கி. நான் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை.