தாத்தா இறங்காத சைக்கிள்

எங்களில் யாரும் தாத்தாவைப் பார்த்ததில்லை. ஆனால் அவர் சைக்கிளை விட்டு இறங்க மறுத்த கதை எல்லோருக்கும் தெரியும். அப்பா அதைச் சொல்லாத தீபாவளி கிடையாது. ஜப்பான்காரன் வருவதற்கு முன்னால், மலாயாவில் கோலசிலாங்கூர்ப் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் வெள்ளைக்காரத் துரை எதிரே வந்தால் தமிழன் சைக்கிளை விட்டு இறங்கி ஓரமாக நிற்க வேண்டும். துரைக்கு மட்டுமில்லை, கணக்கு எழுதுகிற கிராணிக்கும் இறங்க வேண்டும். தோட்டத்து ஆட்கள் வேலைநிறுத்தம் செய்தபோது கூலி உயர்வோடு சேர்த்து இதையும் கேட்டார்களாம், இனிமேல் இறங்க மாட்டோம் என்று. கேட்டவர்களில் தாத்தாவும் ஒருவர். இந்த இடம் வந்ததும் அப்பா நிறுத்திவிடுவார். நாங்கள் நிமிர்ந்து உட்காருவோம். கதை அவ்வளவுதான்.

அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்ததால் எனக்குக் கொஞ்சம் வாய் அதிகம். ராவாங்கில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் பல வருடம் குப்பை கொட்டினேன். மேலதிகாரி முறைத்தால் நானும் முறைப்பேன். திமிர் பிடித்தவள் என்று பெயர் வாங்கினேன். பரம்பரைத் திமிர் என்று உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷம்தான்.

சென்ற வருடம் அண்ணன் மேனேஜராக மாற்றலாகிப் போனது, அப்பா பிறந்த அதே தோட்டத்துக்கு. ரப்பர் போய்ச் செம்பனை வந்து வெகுகாலம் ஆகிவிட்டது. தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த பழைய லயத்தில் பாதியை இடித்துவிட்டார்கள். மீதியில் வங்காளதேசத்திலிருந்து வந்த தொழிலாளர்கள் இருக்கிறார்கள். துரை வாழ்ந்த பங்களா மட்டும் வெள்ளையடித்து அப்படியே நின்றது. அதுதான் அண்ணனுக்கு வீடு. அம்மா போன பிறகு என்னோடு இருந்த அப்பாவை அண்ணன் அங்கே கூட்டிக்கொண்டு போனான். சின்ன வயதில் அந்த முன்வாசலில் அப்பா கால் வைத்ததே இல்லை. முதல் நாள் அவர் அந்தப் படியில் ஏறியபோது நான் அழுதுவிட்டேன். வெள்ளைக்காரன் படுத்த அறையில் எங்கப்பா படுக்கிறார், மெர்டேக்கா, சுதந்திரம் என்றால் இதுதான் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குப் பிடித்த ஆட்டிறைச்சிப் பெரட்டல் செய்து எடுத்துக்கொண்டு, பத்தாங் பெர்ஜுந்தை வழியாகத் தோட்டத்துக்குப் போனேன். பங்களாவுக்கு முன்னால் செம்மண் பாதை ஒன்று போகிறது. காரை நிறுத்திவிட்டுப் பாத்திரத்தைத் தூக்கும்போது, வங்காளதேசத்துக்காரர் ஒருவர் அந்தப் பாதையில் சைக்கிளில் வந்தார். நாற்பது வயதிருக்கும். வேலி தொடங்கிய இடத்தில் இறங்கினார். தலையைக் குனிந்தபடி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பங்களாவைக் கடந்தார். வேலி முடிந்ததும் ஏறிப் போய்விட்டார்.

சக்கரம் பஞ்சர் இல்லை. பாதையில் மேடு பள்ளமும் இல்லை. பெரட்டல் பாத்திரத்தைக் கார் மேல் வைத்துவிட்டுப் பங்களாவைப் பார்த்தேன். வராந்தாவில் பிரம்பு நாற்காலியில் அப்பா உட்கார்ந்திருந்தார். இந்த மனிதரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே அண்ணன் இப்படி ஒரு காரியம் செய்கிறானே என்று எனக்கு ஆத்திரம் வந்தது. அப்பாவை இன்றைக்கே என்னோடு கூட்டிப் போய்விடுவது என்று அங்கேயே முடிவெடுத்தேன்.

சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்ததும் அண்ணனைப் பிடித்துக்கொண்டேன்.

"உனக்கு என்னா, துரைன்னு நெனப்பா?"

"ஏன், என்னா இப்போ?"

"சைக்கிள எறங்கித் தள்ளிக்கிட்டுப் போறாரு ஒரு ஆளு. யாரு சொன்னது அப்படிப் போகச் சொல்லி?"

அண்ணன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். "சாப்புடு லா, அப்புறம் பேசலாம்."

"தாத்தா பேர கெடுக்கத்தான் மேனேஜரா வந்தியா? அப்பா மொகத்த எப்படிப் பாக்குற நீ?"

அவன் யார் முகத்தையும் பார்க்கவில்லை. நான் விடவில்லை. தாத்தா, துரை, வேலைநிறுத்தம் என்று முழுக் கதையையும் அவன் தட்டில் கொட்டினேன். அப்பா எலும்பு ஒன்றைக் கடித்துவிட்டு, அதைத் தட்டின் ஓரத்தில் வைத்தார்.

"அவன ஏன் திட்டுற? நாந்தான் சொன்னேன்."

அப்பா விளையாடுகிறார் என்று நினைத்தேன். அண்ணனைப் பார்த்தேன். அவன் இன்னும் குனிந்தே இருந்தான்.

"நீங்களாப்பா?"

"ஆமா. வந்த புதுசுல. சர்ருனு போறான், ஒரு பார்வகூட பாக்கல. கூப்புட்டுச் சொன்னேன், பங்களா முன்னுக்கு எறங்கித்தான் போகணும்னு."

"தாத்தா எறங்க மாட்டேன்னு கேட்டாருன்னு நீங்கதானேப்பா சொல்லுவீங்க?"

"கேட்டாரு." அப்பா தண்ணீரைக் குடித்தார். "கெடச்சிச்சின்னு நான் எப்பயாச்சும் சொன்னேனா?"

சொன்னதில்லை. எத்தனை தீபாவளி கேட்டிருக்கிறேன், ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. நிறுத்திய இடத்தில் நாங்களே ஜெயித்துக்கொண்டோம். இத்தனை வருடம் ஆபீசில் நான் முறைத்ததெல்லாம் அந்த வெற்றியை நம்பித்தான்.

"வேலைநிறுத்தத்த ஒடைக்கப் பட்டாளம் வந்துச்சி. எல்லாம் முடிஞ்ச பெறகு அவரு எறங்கித்தான் போனாரு. ஜப்பான்காரன் போயி வெள்ளக்காரன் திரும்பி வந்தப்பயும் எறங்குனாரு. பின்னுக்கு நான் ஒக்காந்திருப்பேன், என்னையும் எறக்கி நிப்பாட்டுவாரு. அப்புறம் மெர்டேக்கா வந்துச்சி. ரேடியோவுல கத்துனாங்க, நாங்களும் லயத்துல கத்துனோம். அடுத்த வாரம் இந்தா, இந்த ரோட்டுலதான் துரை வந்தான். எல்லாரும் எறங்குனோம், நானுந்தான். யாரும் எறங்கச் சொல்லல."

குரலில் கோபமே இல்லை. நேற்றுச் சந்தைக்குப் போய் வந்ததைச் சொல்கிற மாதிரி சொன்னார்.

"எண்பது தாண்டிருச்சி எனக்கு. ஒரே ஒருத்தன் எனக்கு எறங்கட்டுமே," என்றார். பிறகு தட்டை என் பக்கம் நகர்த்தினார். "இன்னும் கொஞ்சம் பெரட்டல் வை."

அப்பா மேல் கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். எழுந்து கத்த வேண்டும் போலிருந்தது. அதே நேரத்தில் அவரைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. பெரட்டல் வைத்தேன்.

கைகழுவிய பிறகுதான் கேட்க முடிந்தது.

"எங்கூட வந்துருங்கப்பா. ராவாங்குக்கே போயிடலாம்."

"அங்க வந்து? பக்கத்து வீட்டுக்காரன் நம்ம வாசக் கேட்டு முன்னுக்குக் கார நிப்பாட்டுறான், நான் சொன்னா சிரிக்கிறான். நான் இங்கயே இருக்கேன்."

அண்ணன் கார் வரைக்கும் வந்தான். அவனைத் திட்டியதற்கு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவனே பேசினான்.

"நான் அந்த ஆளுகிட்ட சொல்லிட்டேன், எறங்க வேணாம்னு. எனக்கு முன்னுக்குச் சரின்னு தலையாட்டுறான். அப்பா ஒக்காந்திருந்தா எறங்கிடுறான். அப்பாகிட்டயும் சொல்லிப் பாத்தேன். ஒரு நாளு முழுக்கச் சாப்புடல."

காரைக் கிளப்பிப் பாதைக்கு வந்தேன். அந்த மனிதர் திரும்பி வந்துகொண்டிருந்தார். வேலி தொடங்கும் இடத்தில், எனக்கு நேர் எதிரே, இறங்கினார். நான் காரை நிறுத்திவிட்டு நானும் இறங்கினேன். தள்ளிக்கொண்டு போக வேண்டாம், ஏறியே போங்கள் என்று மலாய் மொழியில் சொன்னேன். மேடம் இறங்கி வந்து பேசியதில் அவர் மிரண்டு சைக்கிளோடு புல்லுக்குள் ஒதுங்கினார். என்னைப் பார்த்தார். பிறகு எனக்குப் பின்னால் வராந்தாவைப் பார்த்தார்.

"பெரிய முதலாளி கோபிப்பார்," என்று மெல்லிய குரலில் மலாயில் சொன்னார்.

தலையைக் குனிந்துகொண்டு சைக்கிளைத் தள்ளியபடி என்னைத் தாண்டிப் போனார். நான் திரும்பிப் பார்த்தேன். வராந்தாவில் அப்பா எழுந்து நின்றிருந்தார். வலது கையை மெதுவாகத் தூக்கினார். எனக்குத்தான் போய் வா என்று கை காட்டுகிறார் என்று நானும் கையைத் தூக்கினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறவரைப் பார்த்துத்தான் கையைத் தூக்கியிருந்தார்.