எச் போட்ட ஓம்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டு விடுகிறேன். எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். மறதி வேறு. போன கிழமை இந்தப் பத்திரிகையில் இதே இடத்தில் ஒரு நடிகைக்கு நீலச் சட்டை போட்டுவிட்டேன். அது பச்சை என்று சாம்பல்தீவிலிருந்து ஒருவர் சொல்லி அனுப்பியிருந்தார். உங்களை நம்பித்தானே எழுதுகிறேன்?

இந்தக் கிழமை பிழையாய்ப் போனது சட்டை நிறம் இல்லை. ஒரு சொல்.

பிலோமினாவைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன் — என்னோடு சேர்ந்து ஆங்கிலப் பாட்டுப் படம் பார்க்கிறவள். அடுத்த வீடு. அவளுடைய அப்பாவுக்குத் துறைமுகத்தில் தச்சு வேலை. நாங்கள் சின்னப் பெண்களாக இருந்தபோது சனிக்கிழமைகளில் இருவரையும் தியேட்டருக்குக் கூட்டிப் போவார். ஹொலிவூட் படம்! தபால்காரன் ஆடுவான். பொலிஸ்காரன் ஆடுவான். கோபம் வந்தாலும் ஆடிவிட்டுத்தான் அடிப்பார்கள்.

எங்களுக்கு இங்கிலிஷ் தெரியாது. அதனால் என்ன? கால் இவ்வளவு பேசும்போது வாயில் என்ன இருக்கிறது?

படங்களின் பெயரும் வாயில் நுழையாது. நாங்களே பெயர் வைத்தோம். ஏணிப் படம். கோழிப் படம். எல்லாவற்றுக்கும் மேலே... தொப்பிப் படம்.

ஒரு சின்னத் துறைமுக ஊர்ப் பெண், பெரிய நகரத்துக்கு வந்து தொப்பிக் கடையில் வேலை செய்கிறாள். வால் கோட்டுப் போட்ட பணக்காரன் ஒருவன் தொப்பி வாங்க வருகிறான். தலைக்குத் தொப்பி சரிவருகிறதோ இல்லையோ, மேசைக்கு மேசை தாவி ஆடுகிறான். கடைசிக் காட்சி கப்பலடியில். அவன் முழங்காலில் நின்று ஏதோ கேட்கிறான். அவள் கண் கலங்கிப் பாடுகிறாள்: ‘ஓம்... ஓம்... ஓம்...’

எங்கள் ஓம்தான். சம்மதம் என்கிற ஓம். தியேட்டரே கைதட்டியது. வெள்ளைக்காரியும் ஓம் என்றுதான் சொல்கிறாள் என்று எங்களுக்கு எவ்வளவு பெருமை!

பிறகு அவள் கப்பலில் நின்று கை காட்டுகிறாள். படம் முடிந்தது. “அவன் எங்கயடி?” என்று அன்றைக்கே கேட்டேன்.

“கீழ நிண்டு பெட்டி அடுக்குறான். அவ்வளவு தொப்பியையும் ஆர் அடுக்குறது?” என்றாள் பிலோமினா.

நம்பினேன். இத்தனை வருடமும் அந்த மனுசன் கப்பலுக்குக் கீழே பெட்டி அடுக்கிக்கொண்டே இருந்தான்.

இப்போது ஏன் இந்தக் கதை என்கிறீர்களா?

பிலோமினாவின் மகன் யூலியன் கனடாவில், ரொறன்ரோவில் இருக்கிறான். நல்ல பிள்ளை. “தனிய இருந்தது காணும் அம்மா, ஒரேயடியா வந்திடுங்கோ” என்று சில மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை முடிவு சொல்வதாக இவளும் சொல்லியிருந்தாள்.

“அங்க கப்பல் ஊதுறது கேக்குமோ மகன்?” என்று ஒருநாள் போனில் கேட்டாள்.

“ஏரி இருக்கம்மா, பெரிய ஏரி.”

“ஏரி ஊதுமோ?”

அப்படியெல்லாம் கேட்டவள்தான், பிறகு என்னிடம் வந்து, “தொப்பிக்காரியே ஓம் எண்டு சொல்லிக் கப்பல் ஏறினவள். எனக்கென்ன? நானும் ஓம் எண்டு சொல்லப் போறன்” என்றாள். போவதற்கு முன் அந்தப் படத்தை இன்னொரு தடவை பார்க்க வேண்டுமாம்.

எனக்கோ கூச்சம் பிடித்த சுபாவம். ‘போகாதே’ என்ற சொல் தொண்டை வரை வரும், தேத்தண்ணியோடு திரும்பவும் உள்ளே போய்விடும். அவள் போய்விட்டால் நான் யாரோடு படம் பார்ப்பது? எங்கள் ஊர்த் தெருவில் திரியும் மான்களோடா? அவை மதிலோரத்துச் செடியைக் கடிக்கத்தான் வருகின்றன.

கிண்ணியாவிலிருந்து வந்து எங்கள் தெருவில் போன் கடை வைத்திருக்கும் றிஸ்வானுக்கு ஐம்பது வயதிருக்கும். அவரிடம் படத்தின் பெயரைச் சொல்லத் தெரியாமல் மேசைக்கு மேசை தாவுவதைக் கையால் ஆடிக் காட்டினேன். எப்படியோ தேடிப் பிடித்துவிட்டார். ஞாயிறு பின்னேரம் வந்து பென் டிரைவை ரிவியில் செருகி, தானும் ஒரு கதிரையில் உட்கார்ந்துகொண்டார். கீழே தமிழ் எழுத்து ஓடியது. பெரிய பெரிய எழுத்து.

கடைசிப் பாட்டு வந்தது. அவன் முழங்காலில். அவள் கண் கலங்கி, ‘ஓம்... ஓம்... ஓம்...’

கீழே எழுத்து: வீடு... வீடு... வீடு...

“றிஸ்வான், எழுத்துப் பிழை! அவள் ஓம் எண்டுறாள், இவங்கள் வீடு எண்டு போட்டிருக்கிறாங்கள்” என்று பிலோமினா சத்தம் போட்டாள்.

றிஸ்வான் சிரித்துச் சிரித்துப் பால் விடாத பிளேன்ரீயைச் சட்டையில் ஊற்றிக்கொண்டார். “அக்கா, அது ஓம் இல்லக்கா. ஹோம்! முன்னுக்கு எச் எண்டு ஒரு இங்கிலிஷ் எழுத்து இரிக்கி. அவ ஊட்ட போறன் எண்டு சொல்றா. அவன வேணாமாம்.”

“அப்ப அவன் கீழ பெட்டி அடுக்கேல்லையோ?”

“என்ன பெட்டி?”

திரும்பவும் போட்டுப் பார்த்தோம். நடுவில் இரண்டு வரி. ‘உன் நகரம் அழகு. என் ஊர்க் காற்று அங்கே இல்லை.’  பிலோமினா சீலைத் தலைப்பை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தாள். கண்ணாடியைக் கழற்றாமலே துடைத்தாள்.

போன் அடித்தது, பிலோமினா ஸ்பீக்கரில் போட்டாள். யூலியன்.

“என்னம்மா முடிவு? ஓமோ, இல்லையோ?”

“ஓம்.”

நான் எழும்பி ரிவியை நிறுத்திவிட்டேன்.

“அப்ப ஸ்பொன்சர் அலுவலைத் தொடங்கட்டோ?”

“பொறு மகன். நான் சொன்னது அந்த ஓம் இல்லை. எச் போட்ட ஓம்.”

“என்னது?”

“ஏலாது மகன். நான் இஞ்சதான். நீ பிள்ளையளோட லீவுக்கு வா. வரேக்க எனக்கொரு தொப்பி வாங்கிக்கொண்டு வா.”

 அந்தப் பக்கமிருந்து பெருமூச்சும் சிரிப்பும் கலந்து வந்தன. “ஆரம்மா உங்களுக்கு இங்கிலிஷ் படிப்பிச்சது?”

“தொப்பிக்காரி.”

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். “நீ ஏனடி ஒரு சொல்லும் சொல்லேல்லை?” நான் தேத்தண்ணி வைக்கக் குசினிக்குள் போய்விட்டேன். வேறென்ன செய்ய?

ஒரு ஆள் ஓம் என்று சொல்லும்போது, அவர் சொன்னதைக் கேட்கிறோமா, நாங்கள் ஆசைப்பட்டதைக் கேட்கிறோமா? எனக்கு இப்போது யார் ஓம் சொன்னாலும் முன்னுக்கு எச் இருக்கிறதா என்று பார்க்கத் தோன்றுகிறது.

இனி உங்களிடம் ஒரு உதவி. அந்தத் தமிழ் எழுத்தை மனிதர் எழுதவில்லையாம், கொம்பியூட்டர் தானாகவே போடுமாம், சிலவேளை பிழையும் விடுமாம் — எல்லாம் முடிந்த பிறகு றிஸ்வான் என்னிடம் சாவகாசமாகச் சொல்கிறார்! இங்கிலிஷ் நன்றாகத் தெரிந்த யாராவது அவருடைய கடைக்குப் போய், அந்தக் கடைசிப் பாட்டைக் கேட்டு, அது வீடா, சம்மதமா என்று சரிபார்த்துச் சொல்லுங்கள்.

எனக்கு மட்டும் சொல்லுங்கள். பத்திரிகையின் சின்ன எழுத்து பிலோமினாவின் கண்ணுக்குத் தெரியாது, நான்தான் வாசித்துக் காட்டுவது. இந்தக் கடைசிப் பகுதியை வாசிக்காமல் விட்டுவிடுவேன்.