பெரியப்பா கேட்ட வெந்நீர்

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பிசினஸ் கிளாஸில் பறந்தவர்கள் பெரியப்பாவும் பெரியம்மாவும்தான். காசு கொழுத்துப்போய் அல்ல. பெரியப்பாவுக்கு முழங்கால் மடங்காது. லண்டனில் இருந்த அண்ணன், கம்பெனி வேலையாகப் பறந்து பறந்து சேர்த்த புள்ளிகளையெல்லாம் கொட்டி, அவர்கள் ஊர் திரும்பும் பயணத்துக்கு மட்டும் அந்த டிக்கெட்டை வாங்கிவிட்டான். "அவருக்கு மட்டும் வாங்குப்பா, நான் பின்னாடி உக்காந்துக்கிட்டு அப்பப்ப வந்து பாத்துக்கிறேன்" என்றாளாம் பெரியம்மா. மன்னார்குடி பஸ் என்று நினைத்துவிட்டாள்.

அவர்கள் போனது பேரனைப் பார்க்க. அண்ணனுக்குப் பல வருஷம் குழந்தை இல்லாமல் இருந்து, பெரியம்மா எங்கள் ஊர் மாரியம்மனுக்கு மூன்று வருஷம் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்ட பிறகு பிறந்த பிள்ளை. இரண்டு வருஷம் எடுத்தாகிவிட்டது. மூன்றாவது குடத்துக்காகத்தான் திருவிழாவுக்கு முன்னால் அவசர அவசரமாகத் திரும்பி வந்தார்கள். லண்டனிலேயே விரதத்தைத் தொடங்கிவிட்டாள். அந்தக் குளிரில் விடியற்காலையில் பச்சைத்தண்ணீரில் குளித்தாள் என்று அண்ணி போனில் என் அம்மாவிடம் புலம்பினாள்.

பெரியப்பா நீடாமங்கலம் பக்கத்தில் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். சிரித்தால் வரி போடுவார்கள் என்பது போல முகத்தை வைத்திருப்பார். பள்ளிக்கூடத்தை ஒட்டித் திறந்த ஒயின்ஷாப்பை எடுக்கச் சொல்லி, நடுரோட்டில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, எடுக்க வைத்தவர். மாரியம்மன் கோயிலில் வருஷா வருஷம் முதல் பரிவட்டம் அவர் தலையில்தான் கட்டுவார்கள்.

பெரியம்மாவைப் பற்றிச் சொல்ல ஒன்றே ஒன்று போதும். அவள் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. பெரியப்பா சாப்பிட்டுக் கை கழுவிய பிறகுதான் சோற்றுப் பானைப் பக்கம் போவாள். அடுப்படியில் நின்றபடியே, ரசம் காலியான ஏனத்தில் சோற்றைப் போட்டுப் பிசைந்து நாலு வாய். அவ்வளவுதான் அவள் சாப்பாடு.

நான் அப்போது நாலாம் வகுப்பு. அவர்கள் வந்து இறங்கிய அன்றைக்கே பெட்டி பிரிக்கும் இடத்தில் சாக்லேட்டுக்காக ஒட்டிக்கொண்டேன். பெரியம்மா பெட்டியைப் பிரிப்பதை விட்டுவிட்டுக் கதை சொல்ல ஆரம்பித்தாள்.

"தட்டு வந்துச்சா பாப்பா, நான் சட்டுன்னு எழுந்திரிச்சேன்."

"எதுக்குப் பெரியம்மா?"

"எதுக்கா? உங்க பெரியப்பாவுக்குப் பரிமாற வேணாமா?"

பெல்ட் பிடித்து இழுத்து உட்கார வைத்துவிட்டதாம். பணிப்பெண் ஓடி வந்து, என்ன ஏது என்று கேட்டு, வெள்ளைத்துணி விரித்து, பெரியப்பாவுக்கு வைத்த கையோடு இவளுக்கும் வைத்துவிட்டாளாம். அவர் முதலில் சாப்பிடட்டும் என்று இவள் சைகை காட்டியிருக்கிறாள். அந்தப் பெண்ணுக்கு விளங்கவில்லை.

"உங்களுக்கு என்ன வேணும்னு கேட்டா பாப்பா. அவரைக் கேக்கல, என்னையக் கேட்டா!"

என்ன வேண்டும் என்று பெரியம்மாவுக்குச் சொல்லத் தெரியவில்லை. சும்மா தலையை ஆட்டினாளாம். உடனே ஒரு ஜூஸ் வந்தது.

"ஒடுக்கமா, ஒசரமா ஒரு கிளாஸு. தங்கம் கணக்கா நெறம். அடியிலேருந்து முத்து முத்தா மேல வந்துக்கிட்டே இருக்குடி. வாயில வெச்சா குறுகுறுன்னு மூக்குல ஏறுது. நம்ம நீராகாரம் கொஞ்சம் புளிச்சிருக்கும் பாரு, அதுல சோடாவ ஊத்தி, ஆப்பிளப் புழிஞ்சு விட்டா எப்படி இருக்கும்? அப்படி."

"பெரியப்பாவும் குடிச்சாரா?"

"அவரு எங்க? வெந்நீர்தான் கேட்டு வாங்கிக் குடிச்சாரு. அந்தப் பொண்ணுகிட்டேருந்து பாட்டிலை வாங்கி, கண்ணாடிய மாட்டிக்கிட்டுத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. அப்பறம் திருப்பிக் குடுத்துட்டு, நல்லாருக்கான்னு என்னையக் கேட்டாரு. நல்லாருக்குன்னேன். அப்ப இன்னொண்ணு வாங்கிக்கன்னாரு."

சொல்லிவிட்டுச் சிரித்தாள் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு. ஒரு வாய் சோறு, ஒரு வாய் ஜூஸ் என்று ராணி மாதிரி சாப்பிட்டாளாம். எனக்கு அந்த ஜூஸ்மேல் ஆசை வந்து, வீட்டில் நீராகாரத்தில் சோடாவை ஊற்றிப் பார்த்து அம்மாவிடம் அடி வாங்கியது தனிக்கதை.

திருவிழா வாரத்தில் கீழ்வேளூர் அத்தையும் மாமாவும் வந்தார்கள். அத்தை, பெரியப்பாவின் தங்கை. சாமி காரியம் என்றால் அம்மனே அத்தையிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும். மாமா பாங்க் ஆபீசர், ஒருமுறை சிங்கப்பூர் டூர் போய் வந்தவர். பெண்கள் கூடத்தில் உட்கார்ந்து மாவிளக்குக்குப் பச்சரிசி புடைத்துக்கொண்டிருந்தார்கள். பெரியம்மா விமானக் கதையைச் சொல்ல, பெல்ட் இழுத்த இடத்தில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்த உற்சாகத்தில் ஜூஸ் கதையும் வந்துவிட்டது.

மாமா பேப்பரைத் தாழ்த்தினார். "அக்கா, கிளாஸு ஒடுக்கமா இருந்துச்சா?"

"ஆமா தம்பி."

"ஊத்துறப்ப நுரை பொங்குச்சா?"

"ஆமா. ஏன்?"

மாமா தொடையில் தட்டிச் சிரித்தார். "அக்கா, அது ஜூஸ் இல்லக்கா. ஷாம்பெயின்! வெள்ளைக்காரன் கல்யாணத்துல குடிக்கிற ஒயினு!"

முறங்கள் அப்படியே நின்றன. அத்தை நெஞ்சில் கை வைத்தாள். "அடி ஆத்தே! விரதத்துல இருக்கறவ குடிக்கற பண்டமா அது?"

பெரியம்மாவின் முகம் செத்துவிட்டது. இந்த ஒரு குடம் நின்றால் மூன்று வருஷ வேண்டுதலும் முறிந்ததாகத்தான் அர்த்தம். அவள் நினைப்பெல்லாம் லண்டனில் இருந்த அந்தக் கைக்குழந்தைமேல்தான் போயிருக்கும். மடியில் இருந்த முறம் சரிந்து அரிசி தரையில் சிந்தியது.

அத்தை கெட்டவள் இல்லை. அவளே வழியும் சொன்னாள். "தெரியாமத்தானே அண்ணி குடிச்சீங்க? ஆத்தா காலுல விழுந்து, தெரியாமப் பண்ணிட்டேன், அந்தக் கருமத்த இனி நெனைக்க மாட்டேன்னு சொல்லி அபராதம் முடிஞ்சு போடுங்க. இந்த வருசம் குடம் வேணாம். அடுத்த வருசம் பாத்துக்கலாம்."

"நல்லாருக்குன்னு வேற சொன்னேனே" என்று பெரியம்மா முணுமுணுத்தாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

அப்போதுதான் வாசல் நிலையில் நின்றிருந்த பெரியப்பா காலை இழுத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"அவ குடிச்சது ஆப்பிள் ஜூஸு. ஷாம்பெயின் குடிச்சது நான்."

மாமாவின் கையிலிருந்து பேப்பர் நழுவியது. "மச்சான், நீங்களா?"

"நாந்தான். ரெண்டு கிளாஸு. நல்லாத்தான் இருந்துச்சு. மூக்குல ஏறுச்சு, புளிச்சுதுன்னு வழியெல்லாம் சொல்லிக்கிட்டு வந்தேன். அதக் கேட்டுக் கேட்டு இவ தானே குடிச்ச மாதிரி கதை விட்டுக்கிட்டிருக்கா." பெரியம்மா பக்கம் திரும்பி, "அரிசி சிந்துது பாரு" என்றார்.

நான் துள்ளி எழுந்தேன். வெந்நீர்தானே குடித்தார் என்று கேட்க வாயைத் திறந்ததுதான் தாமதம், பெரியம்மாவின் கை வந்து ஒரு முழு சாக்லேட்டை அதில் திணித்தது. அதைக் கரைத்து விழுங்குவதற்குள் பேச்சே முடிந்துவிட்டது.

ஊர்வாயை மூட உலைமூடி ஏது? அன்று சாயங்காலத்துக்குள் கடைத்தெரு வரைக்கும் தெரிந்துவிட்டது. ஒயின்ஷாப்பை விரட்டிய வாத்தியார் ஆகாயத்தில் போய்க் குடித்துவிட்டு வந்திருக்கிறார்! "பிசினஸ் கிளாஸ் வர்றாருடா" என்று முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள். அவரிடம் படித்தவர்களே சிரித்தார்கள். கோயில்காரர்கள் தயங்கித் தயங்கி வந்தபோது, அவர்கள் வாயைத் திறக்கும் முன்பே, "இந்த வருசம் பரிவட்டத்தத் தம்பிக்குக் கட்டுங்க" என்று என் அப்பாவைக் கை காட்டிவிட்டார். கோயிலுக்குப் போய் அம்மனுக்கு எதிரே வெகுநேரம் நின்றார். என்ன பேசினாரோ, அது அவர்கள் இரண்டு பேருக்கும்தான் தெரியும்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. பொய் சொன்னால் காதைத் திருகுகிற மனிதர், கூடம் நிறைய ஆட்களை வைத்துக்கொண்டு பச்சைப்பொய் சொல்கிறார், அதற்கு எனக்குச் சாக்லேட் வேறு!

பெரியம்மா குடம் எடுத்தாள். மஞ்சள் புடவையும் வேப்பிலையுமாக மேளத்தோடு தெருவில் வந்தவள், வெறுந்தலையோடு கூட்டத்தில் ஓரமாக நின்ற பெரியப்பாவைக் கண்டுபிடித்துச் சிரித்தாள். குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு யாராவது பல்லைக் காட்டுவார்களா என்று அத்தை பிறகு ஒரு மூச்சு திட்டினாள்.

திருவிழா முடிந்த மறுநாள் மத்தியானம் பெரியப்பா இலை முன்னால் உட்கார்ந்தார். சோற்றில் கை வைக்கவில்லை.

"இன்னொரு இலை போடு."

"யாரு வர்றாங்க?"

"நீதான். எல்லாத்தையும் நடுவுல கொண்டாந்து வெச்சிட்டு உக்காரு. வேணுங்கறத எடுத்துப் போட்டுக்குவோம்."

பெரியம்மா உட்காருவதா நிற்பதா என்று தெரியாமல் இரண்டு தடவை எழுந்து எழுந்து உட்கார்ந்தாள். அவளை இழுத்துப் பிடிக்க இங்கே பெல்ட் இல்லை. "உனக்கு என்ன வேணும்?" என்று பெரியப்பா கேட்டார். "அந்த வாழைக்காய் வறுவலத் தள்ளுங்க" என்றாள். குடித்ததற்குப் பெரியப்பாவுக்கு யாரோ பிராயச்சித்தம் சொல்லியிருக்கிறார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன். நல்லா வேணும் என்றும் நினைத்தேன். அன்றிலிருந்து இன்றுவரை அந்த வீட்டில் இரண்டு இலைதான்.

போன வருஷம் ஆபீஸ் வேலையாக நானும் பிசினஸ் கிளாஸில் பறந்தேன். சாப்பாட்டோடு ஷாம்பெயின் வந்தது. ஒரு வாய் குடித்ததும் மூக்கில் ஏறியது. அதே நீராகாரம், அதே சோடா, அதே ஆப்பிள். என் பெரியம்மாவுக்கு என்ன நாக்கு! தனியாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டே ரசித்துச் சாப்பிட்டேன். பணிப்பெண் என் சிரிப்பைப் பார்த்துவிட்டு, என்ன ஷாம்பெயின் என்று காட்டப் பாட்டிலைக் கொண்டுவந்து என் பக்கம் திருப்பினாள்.

அதில் 'ஷாம்பெயின்' என்று இங்கிலீஷில் கொட்டை எழுத்தில் இருந்தது. கண்ணாடி இல்லாமலே படிக்கலாம்.

சிரிப்பு நின்றுவிட்டது. தெரியாமல் குடித்துவிட்டாள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே எல்லாம் முடிந்திருக்கும். அத்தைகூட அதைத்தான் எடுத்துக் கொடுத்தாள். ஆனால் அதன் பிறகு, உனக்கு என்ன வேண்டும் என்று ஒருத்தி கேட்ட அந்த ஒரு வேளைச் சாப்பாட்டைப் பெரியம்மா காலமெல்லாம் கருமம் என்று நினைத்துக்கொண்டு கிடந்திருப்பாள். அதற்குப் பதிலாக, தன் தலைப் பரிவட்டத்தை அவர் கழற்றிக் கொடுத்துவிட்டார்.

நாலாம் வகுப்பு மூளைக்கு அது எட்டவில்லை, போகட்டும். அதைவிட எளிய விஷயம் ஒன்றும் எட்டவில்லை. ஆயுசு பூராவும் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்த மனிதர் அந்தப் பாட்டிலைக் கண்ணாடி போட்டுக்கொண்டு திருப்பித் திருப்பிப் படித்தார். படித்துவிட்டுத் தனக்கு வெந்நீர் கேட்டு வாங்கிக்கொண்டு, அவளுக்கு மட்டும் இன்னொன்று வாங்கிக்கொள்ளச் சொன்னார்.