நான் சுரண்டிய முகம்

ஒரு மனிதரின் முகத்தை நான் கத்தியால் சுரண்டி அழித்தேன். நெகட்டிவில்தான்... அதனால் என்ன? அந்த முகத்துக்கு இந்த உலகத்தில் இருந்த ஒரே படம் அதுதான். தெரிந்தே செய்தேன்.

என்ன, முகம் சுளிக்கிறீர்களா? சுளியுங்கள்! உங்கள் இரக்கத்தைக் கேட்டு நான் இதை எழுதவில்லை.

அறுபதுகளின் தொடக்கத்தில் விழுப்புரத்தில் ஸ்டூடியோ வைத்திருந்தேன். திண்டிவனத்தில் கோயில் திருவிழா என்றால் மைதானத்தில் பந்தல் போட்டு நாதஸ்வரக் கச்சேரி வைப்பார்கள். படம் எடுப்பது நான். அப்போது பாண்டிச்சேரியிலிருந்து பெட்டிக் காமிராக்கள் வர ஆரம்பித்திருந்தன. கண்டவனெல்லாம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தால் என் பிழைப்பு என்ன ஆவது? கமிட்டித் தலைவரின் காதைக் கடித்தேன். பளிச் பளிச்சென்று வெளிச்சம் அடித்தால் வித்வானுக்குக் கவனம் சிதறும் என்றேன். சபையில் யாரும் காமிரா எடுக்கக் கூடாது என்று மைக்கில் சொல்லிவிட்டார்கள். விதி என்னுடையது, சட்டையில் கமிட்டி பாட்ஜ் வேறு... திமிருக்குக் கேட்கவா வேண்டும்!

மாலை வெயில் இன்னும் இறங்கவில்லை. வித்வான் ஆலாபனையில் இருந்தார். முன்வரிசை ஓரத்தில் ஒருவன் எழுந்து மேடையை நோக்கிப் பெட்டிக் காமிராவைத் திருப்பினான். பக்கத்துக் கெடார் கிராமத்துக்காரன், பெயர் கோவிந்தன் என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது. வெளிச்சம் அடிக்கும் பல்புகூட அவனிடம் இல்லை.

"காமிராவ உள்ள வைடா!" என்றேன்.

"எங்கப்பாங்க அது. பின்னால ஒத்து ஊதிக்கினு இருக்காரு பாருங்க. ஒண்ணே ஒண்ணு எட்துக்கறேங்க."

வித்வானுக்குப் பின்னால் உட்கார்ந்து, சுருதி அறுந்துவிடாமல் ஒரே ஸ்வரத்தை ஊதிக்கொண்டே இருப்பவர் ஒத்துக்காரர். அவரை எவன் படம் எடுப்பான்?

"மைக்ல சொன்னது காதுல விழல?"

அவனுக்கும் ரோஷம் வந்துவிட்டது. "எங்கப்பன எடுக்க ஒன்னாண்ட பர்மிஷன் வாங்கணுமா? கோயிலு என்னா உங்கூட்டு சொத்தா?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இருக்கிறதே... இன்றைக்கும் எரிகிறது! காமிராவைப் பிடுங்கினேன். பின்மூடியைத் திறந்து பிலிம் சுருளை வெயிலில் உருவிப் போட்டேன். தொண்டர்கள் அவனைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

மேடையிலிருந்து அவன் அப்பா எல்லாவற்றையும் பார்த்தார். எழுந்து வர முடியுமா? ஒத்து நின்றால் கச்சேரியே நின்றுபோகும். கன்னம் உப்ப ஊதிக்கொண்டே என்னைப் பார்த்தார். நான் ஒன்றும் நடக்காததுபோல் திரும்பி வித்வானைப் படம் எடுத்தேன்.

பிலிமைக் கழுவிப் பார்த்தால், வித்வானின் தோளுக்குப் பின்னே அவர்! அந்தக் கண்கள் நேராக என்னையே பார்த்தன.

சில வாரங்கள் கழித்து கோவிந்தன் ஸ்டூடியோவுக்கு வந்தான். தலை மொட்டை.

"அப்பா பூட்டாருங்கண்ணே. காரியத்துக்கு வைக்க ஒரு படமில்ல. அன்னிக்கு நான் வாய வுட்டது தப்புதாங்க... உங்க போட்டோவுல எங்கியாச்சும் எங்கப்பா இருக்காரான்னு பாருங்கண்ணே."

மன்னிப்புக் கேட்டான்! அவன், என்னிடம்! அப்போதாவது நான் மனிதனாகியிருக்கலாம். "நாளைக்கு வா" என்றேன். அவன் போனதும் இருட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு, நெகட்டிவில் புள்ளி, கீறல் திருத்தும் டச்சிங் கத்தியை எடுத்தேன்.

ஏன்? ஊர் சிரித்ததை மறக்காத வன்மமா? அப்பாவின் அந்தப் பார்வையை மகன் பார்த்துவிடுவானோ என்ற பயமா? தெரியவில்லை என்று எழுதினால் அதுவும் பொய். இரண்டும்தான்.

நெகட்டிவில் சுரண்டிய இடம் படத்தில் கறுப்பாக விழும். மறுநாள் அவனிடம் நான் கொடுத்த படத்தில் கழுத்துக்கு மேலே வெறும் கறுப்பு.

"நிழல் விழுந்துடுச்சுப்பா" என்றேன்.

வெகுநேரம் பார்த்தான். "பரவாயில்லீங்க. கையி நல்லா வுழுந்திருக்குது. எங்கப்பா கைதாங்க இது." என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனான்.

அதோடு விட்டானா? நான் நல்லவன் என்று ஊரெல்லாம் சொன்னான், பாவி! கெடார்க் கல்யாணங்கள் என்னைத் தேடி வந்தன. அப்படி ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தபோது, விடாப்பிடியாகத் தன் வீட்டுக்கு அழைத்துப் போனான். சுவரில் கண்ணாடி போட்டு அந்தப் படம் மாட்டியிருந்தது. மாலை சாத்தியிருந்தார்கள். நெற்றி எங்கே இருந்திருக்கும் என்று குத்துமதிப்பாகப் பார்த்து, அந்தக் கறுப்பின்மேல் சந்தனப் பொட்டு வைத்திருந்தார்கள்.

"இந்த அண்ணன்தாண்டா எட்துக் குட்தாரு" என்று தன் சின்னப் பிள்ளையிடம் என்னைக் காட்டினான். "தாத்தாவக் கும்புட்டுக்க."

பிள்ளை அந்தக் கறுப்பைக் கும்பிட்டது. பக்கத்தில் நின்று நானும் கும்பிட்டேன்.

உங்களிடம் சொல்லிவிட்டேன்... உங்களிடம் சொல்ல எனக்கென்ன பயம்? கோவிந்தன் உயிரோடுதான் இருக்கிறான். அவனிடம் இன்றுவரை சொல்லவில்லை.