பேசினார்கள் என்ற சொல்

ஒஸ்லோவில் ஹொல்ம்லியா போகும் ரயிலில் தடித்த சட்டப் புத்தகத்தை மடியில் விரித்தபடி சார் வருவதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் லண்டனில் வாழ்ந்த ஒரு வழக்கறிஞர் சாட்சியம் பற்றி எழுதிய நூல் அது. நீதிமன்றத்தில் எழுந்து நின்றாலே அந்த மனிதருக்கு வாய் திக்குமாம். வழக்குகள் வரவில்லை. அறைக்குள் அடைந்து கிடந்து, பிறர் சொல்வதை எப்படிப் பதிவது என்று ஆயுள் முழுக்க எழுதினார். சாட்சி சொன்ன சொல்லை எழுத்தர் தன் சொல்லாக மாற்றினால் சாட்சியே மாறிவிடுகிறார் என்பது அவர் கட்சி. அவருடைய வாழ்க்கையைச் சார் தமிழில் எழுதிக்கொண்டிருந்தார். "பேசவே வராதவர் பேச்சைப் பத்தி எழுதினார் பாருங்க," என்று பூரித்துப்போவார்.

சார் தமிழ்நாட்டுக்காரர், நான் யாழ்ப்பாணத்தாள். இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் ஒஸ்லோவில் அகதி விசாரணைகளுக்கு இருவரும் மொழிபெயர்க்கப் போனோம். விசாரணையில் கேட்டதை வெளியில் கதைக்கக் கூடாதுதான். ஆனாலும் ஒருநாள் சார் சலிப்போடு சொன்னார்: "இன்னைக்கு வந்த தம்பியை ராணுவம் பிடிச்சு வச்சிருந்திருக்கு. என்ன செஞ்சாங்கன்னு கேட்டா, பேசினாங்கன்னு மட்டும் சொல்றார். அதுக்கா நாட்டை விட்டு வருவாங்க?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஐயோ சார், எங்கடை ஆக்களுக்குப் பேசிறதெண்டால் ஏசிறது. தூசணத்தாலை, கெட்ட வார்த்தையாலை பேசியிருப்பாங்கள்."

"அதிகாரி எழுதினதைத் திரும்பத் தமிழ்ல வாசிச்சுக் காட்டினேனேம்மா. பேசினாங்களான்னு கேட்டேன். ஓம்னு சொன்னாரே!"

அந்தச் சொல் நோர்வே மொழிக்கு வெறும் உரையாடலாகப் போய், தமிழில் அதே சொல்லாகத் திரும்பியிருக்கிறது. யாருக்கும் பிடிபடவில்லை. சாரின் முகம் வெளிறிப்போயிற்று. ஒருவனைத் திருப்பி அனுப்புவார்களா, இங்கே இருக்க விடுவார்களா என்று இருந்த இடத்தில் நான் சிரித்திருக்கிறேன்.

மறுநாளே சார் போய்த் தவறைச் சொன்னார். மறுவிசாரணைக்கு என்னை அழைத்தார்கள். என்ன பேசினார்கள் என்று அதிகாரி கேட்டார். தம்பி நிலத்தைப் பார்த்தபடியே, தாயையும் தங்கையையும் என்ன செய்வோம் என்று ராணுவத்தினர் மிரட்டியதைச் சொல்லுக்குச் சொல் சொன்னான். அதை நோர்வே மொழியில் சொல்ல எனக்கு நாக்குக் கூசியது. ஆனாலும் சொன்னேன்.

அவனுக்கு வதிவிட அனுமதி கிடைத்தது. சார் அதன்பின் மொழிபெயர்க்கப் போகவில்லை. அந்த வழக்கறிஞரின் வாழ்க்கை வரலாறும் பாதியில் நின்றது. "அவரைப் பத்தி எழுத எனக்கு என்ன யோக்கியதை?" என்றார். நான் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தியிருக்கலாம்.

ஒஸ்லோவுக்குப் பக்கத்தில் லில்லெஸ்ட்ரோமில் வீடு எடுத்ததும் தம்பி எங்கள் இருவரையும் சாப்பிடக் கூப்பிட்டான். சாரை நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். சோற்றைப் பிசைந்தபடியே சார் மன்னிப்புக் கேட்கத் தொடங்க, தம்பி பதறிப்போனான்.

"நீங்கள் வடிவா, சரியாத்தான் வாசிச்சனீங்கள், ஐயா. மிச்சத்தைச் சொல்ல வெக்கமாக் கிடந்தது. அதுதான் ஓம் எண்டு விட்டனான். அம்மா கேட்டாலும், பேசினவங்கள் எண்டு மட்டும்தான் இப்பவும் சொல்லுறனான்."

சார் பிசைந்த சோற்றை உண்ணவில்லை. இன்றும் விசாரணையில் யாராவது அந்தச் சொல்லைச் சொன்னால், என்ன பேசினார்கள் என்று கேட்கும்படி அதிகாரியிடம் நானே சொல்கிறேன். சொல்லிவிட்டு, எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்க்க முடியாமல் குனிந்துகொள்கிறேன்.