மைனஸ் பத்தில் நின்ற குளிரறை

கல்குடாவில் ஒரு மீன் குளிரறைக்கு, மெசின் திருத்துகிற என்னை அவசரமாகக் கூப்பிட்டார்கள். நான் போய் இறங்கியபோது, அந்த அறையைப் பார்த்துக்கொள்ளும் சுபா அழுதுகொண்டிருந்தாள். மைனஸ் பதினெட்டில் இருக்க வேண்டிய அறை மைனஸ் பத்தைத் தாண்டவில்லை. அப்படியே விட்டால் இறால் பெட்டிகள் பழுதாகும்.

"கதவத் திறந்து போட்டுட்டு போன்ல கதைச்சா குளிர் எங்க மனே நிக்கும்?" என்று என்னிடம் சொன்னார் முதலாளி, ஓட்டமாவடிக்காரர். "இண்டையோட இவள நிப்பாட்டுறன்."

"நான் கதவத் திறக்கல்ல அண்ணன். பத்துக்குப் போனதும் மெசின் தானா நிக்கிது. ஒம்பதுக்கு வந்தா திரும்ப ஓடுது. சொன்னா ஆரும் நம்புறாங்க இல்ல" என்றாள் சுபா என்னிடம்.

கம்ப்ரசரை ஓட்டியது புதிதாகப் பூட்டிய சின்னக் கம்ப்யூட்டர். அதற்குப் பைதான் மொழியில் புரோகிராம் எழுதியவர் வெளிநாடு போய்விட்டார். அவர் எழுதிய மூல வரிகள் இல்லை. மெசினுக்கென்று மாற்றிய பைட்கோட் மட்டும் இருந்தது.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். பாசிக்குடாவில் கோப்பை கழுவினேன், கத்தாரில் கம்பி கட்டினேன். அங்கே ஒருவன் எறிந்த லேப்டாப்பில்தான் பைதான் பழகினேன். பைட்கோட்டைப் பிரித்து, கட்டளை கட்டளையாகக் காட்ட அதிலேயே 'டிஸ்' என்று ஒன்று இருக்கிறது. ஓடவிட்டேன். வெப்பநிலையை ஒப்பிடும் இடத்தைத் தேடினேன். கிடைத்தது:

LOAD_CONST 2 ('-18')

கதிரையை விட்டுத் துள்ளி எழும்பினேன். இரண்டு பக்கமும் மேற்கோள் குறி! அது எண் இல்லை, எழுத்து. சென்சார் தந்ததையும் எங்கும் எண்ணாக மாற்றவில்லை. முதலாளியை அண்ணன் முறையில் கூப்பிட்டேன்.

"நானா, ஓடி வாங்க! இது கணக்குப் பாக்கல்ல, எழுத்துப் பாக்குது. பத்துலயும் பதினெட்டுலயும் மைனசுக்குப் பிறகு முதல் எழுத்து ஒண்டு. அடுத்தது சைபர், எட்டு. சைபர் சின்னன். அப்ப பத்து, பதினெட்ட விடக் குளிரெண்டு நினைச்சு நிப்பாட்டுது!"

"ஒம்பதுக்கு?" என்று கேட்டார் அவர்.

"ஒம்பது, பதினெட்டுட முதல் எழுத்தான ஒண்ட விடப் பெரிசு. திரும்ப ஓடுது. சுபா சொன்னது அப்பிடியே சரி!"

கட்டளைகளை வாசித்து அந்தப் பகுதியைப் புதிதாக எழுதினேன். இம்முறை இரண்டையும் எண்ணாக்கினேன். கம்ப்ரசர் உறுமியது. பதினொன்று. பன்னிரண்டு. சுபா சத்தமாக எண்ணினாள். பதினெட்டு வந்ததும் கைதட்டினாள்.

"நான் கதவத்தானே புள்ள பிழை சொன்னன்" என்று முதலாளி முனகினார்.

"அப்ப கதவயா வேலையால நிப்பாட்டப் பாத்தீங்க?" என்றாள் அவள்.

அவர் சிரித்துவிட்டார். அடுத்த நாளும் அவள் வேலைக்கு வந்தாள்.

டிஸ் காட்டிய வரிகள் நூற்றுக்கணக்கில் இருந்தன. எதைத் தேடுவதென்று எனக்குக் காட்டியது சுபா சொன்ன பத்தும் ஒன்பதும்தான். இப்போது எங்கே போனாலும், மெசினுக்குப் பக்கத்தில் நிற்கிற ஆளிடம் முதலில் கேட்கிறேன். லேப்டாப்பைப் பிறகுதான் திறக்கிறேன்.